கார்டுக்கும் ஒரு 555 புத்தகம்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் குசினிக்கு வந்து உட்கார்ந்தாள். ஈப்போவில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. “அத்தை, பேங்க்லேர்ந்து ஃபோன் பண்ணாங்க. எனக்கு கிரெடிட் கார்டு கிடைக்குமாம். எடுக்கட்டா?” என்றாள்.

“உனக்குச் சம்பளம் என்னைக்கு விழுது?” என்று கேட்டேன்.

கார்டைப் பற்றிக் கேட்டால் இவர் ஏன் சம்பளத் தேதியைக் கேட்கிறார் என்பது போல என்னைப் பார்த்தாள். அன்று இரவு பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்து, ஓவர்டைம், மழை, செம்பனைக் குலைக் கணக்கு என்று ஏறி இறங்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது உதவும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டினார். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. நாங்கள் டவுனுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். நான் செம்பனை ஆலை ஆபீஸில் கிராணி, வீட்டுக்காரர் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் சம்பளக் கணக்கைப் பார்த்தவள் நான். அப்படியும் 2012 முதல் 2015 வரை இரண்டு கார்டில் 8,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் கடன் சேர்ந்துவிட்டது. அதை அடைக்க நான்கு வருடம் ஆனது. அதனால் படித்ததைச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கடன் புத்தகம்

கடன் எங்களுக்குப் புதிதில்லை. தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உள்ளங்கை அளவு ஒரு சின்ன நோட்டு இருக்கும், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். ஒன்று கடையில் இருக்கும், ஒன்று நம் வீட்டில். கடை முதலாளியான தவுக்கே காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சாடின் டின் என்று இரண்டிலும் எழுதுவார். சம்பளம் போட்ட அன்று அம்மா போய்க் கட்டியதும், ரூலர் வைத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு விழும் சத்தத்தை அம்மா முகத்தில் பார்க்கலாம்.

ஒரு மழைக்காலம். மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. அந்த மாதம் அம்மாவுக்குப் பாதி நாள்கூட வேலை இல்லை. தீபாவளிக்குப் பிஸ்கட் டின் ஒன்றை நான் கை காட்டினேன். தவுக்கே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு டின்னை எடுக்காமலே, “ஆச்சி, இந்த மாசம் அரிசி, சீனி மட்டும் எடு. மத்தது அடுத்த மாசம்” என்றார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது, வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த மாதம் எங்கள் பக்கத்துக்குக் கோடு விழுந்தது. மழை எத்தனை நாள் பெய்தது, எங்கள் வீட்டில் எத்தனை வாய் என்று கடன் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. ‘போதும்’ என்று சொல்ல அவர் இருந்தார்.

கார்டு அப்படிச் சொல்லாது. நான் ஒழுங்காகக் கட்டாமல் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பேங்கிலிருந்து கூப்பிட்டு இன்னொரு கார்டு தரட்டுமா என்று கேட்டார்கள். அந்த ‘போதும்’ என்ற வார்த்தையை நாமே சொல்லிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த ஏற்பாடுதான்.

யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்

ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி, அதாவது மாதம் 2,000 வெள்ளி இருந்தால்தான் கிரெடிட் கார்டு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 மட்டும் வாங்குகிறவருக்குக் கிடைக்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கார்டு இல்லாமல் வாழ்வதைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு 36,000 வெள்ளிக்குள் சம்பாதிப்பவர் இரண்டு பேங்கின் கார்டுகளைத்தான் வைத்திருக்கலாம். ஒவ்வொரு பேங்கும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் லிமிட் தரக்கூடாது. இது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட வேலி.

வேலி நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பேங்க், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதச் சம்பளம். மொத்தம் நான்கு மாதச் சம்பளம். குடும்பமே நான்கு மாதம் சோறு தண்ணி இல்லாமல் இருந்தால்தான் அடைக்க முடியும். எனக்கு அப்போது சம்பளம் 2,050. இரண்டு கார்டிலும் லிமிட் 4,100, 4,100. இரண்டையும் தொட்டுவிட்டேன்.

பேங்க் கொடுக்கும் லிமிட்டை அப்படியே ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். இப்போது என்னிடம் ஒரே ஒரு கார்டு, லிமிட் 2,000. நானே கேட்டு வைத்தது. கூட்டச் சொல்லி வரும் அழைப்புக்கு “வேண்டாம், நன்றி” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன்.

சம்பளத் தேதியை ஏன் கேட்டேன்

நான் விழுந்த குழி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கார்டுக்கு இரண்டு தேதி உண்டு. ஒன்று ஸ்டேட்மென்ட் தேதி, அந்த மாதக் கணக்கை மூடும் நாள். இன்னொன்று கட்ட வேண்டிய கடைசி நாள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 20 நாள் இருக்கும். முந்தைய பாக்கி எதுவும் இல்லாமல், மொத்தத் தொகையையும் கடைசி நாளுக்குள் கட்டிவிட்டால் ஒரு காசு வட்டி கிடையாது.

நம் பக்கம் சம்பளம் எப்படி வருகிறது? சட்டப்படி, மாதம் முடிந்து 7ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். பல தோட்டங்களிலும் ஆலைகளிலும் நடுவில் ஓர் அட்வான்ஸ், பிறகு 5, 6, 7ஆம் தேதிகளில் மீதிச் சம்பளம். என் முதல் கார்டுக்குக் கடைசி நாள் 3ஆம் தேதி. என் சம்பளம் 6ஆம் தேதி. மாதா மாதம் மூன்று நாள் லேட். ‘மூணு நாள்தானே’ என்று நான் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த மூன்று நாளுக்கு விலை இருக்கிறது. தாமதக் கட்டணம் மொத்தப் பாக்கியில் 1 விழுக்காடு. குறைந்தது 10 வெள்ளி, மிஞ்சினால் 100 வெள்ளி. பாக்கி 4,000 என்றால் 40 வெள்ளி. ஒரு மாதம் மீன் வாங்கும் காசு, மூன்று நாளுக்காகப் போனது. அதோடு வட்டி விகிதமும் ஏறும். பன்னிரண்டு மாதமும் குறைந்தபட்சத் தொகையையாவது தேதி தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, பன்னிரண்டில் பத்து மாதமாவது தவறாமல் கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. தேதி பொருந்தாத ஒரே காரணத்தால் நான் வருடக்கணக்கில் 18இலேயே கிடந்தேன்.

செய்ய வேண்டியது எளிது. கார்டு எடுக்கும்போதே, அல்லது இன்றைக்கே, பேங்குக்கு ஃபோன் செய்து ஸ்டேட்மென்ட் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 20ஆம் தேதி ஸ்டேட்மென்ட் என்றால் கடைசி நாள் அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் வரும். சம்பளம் 7ஆம் தேதிக்குள் கையில். நடுவில் மூன்று நாள் மூச்சு விடலாம். மாற்ற முடியாது என்றால் அந்தக் கார்டு உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாத கார்டு; வேறு பேங்கைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதக் கடைசி நாளே சம்பளம் விழுந்துவிடுகிறது, அவளுக்கு 5ஆம் தேதிகூடப் பொருந்தும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் முதல் கேள்வியாக அதைக் கேட்டேன்.

‘மினிமம்’ என்ற சொல்

ஸ்டேட்மென்ட்டை மேசையில் விரித்து வையுங்கள். மேலே பெரிதாக மொத்தத் தொகை இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு சின்னத் தொகை, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது: பாக்கியில் 5 விழுக்காடு, பெரும்பாலும் 50 வெள்ளிக்குக் குறையாமல். சம்பளம் பற்றாத மாதத்தில் கண் அந்தச் சின்ன எண்ணுக்குத்தான் போகும். எனக்கும் போனது.

5,000 வெள்ளி பாக்கி, 18 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு, 75 வெள்ளி. மினிமம் 250 வெள்ளி. கட்டிய 250இல் 75 வட்டிக்குப் போக, கடன் குறைவது 175தான். அடுத்த மாதம் பாக்கி குறைந்ததால் மினிமமும் குறையும். குறைகிறதே என்று மனசு சந்தோஷப்படும். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் குறைவுதான் கடனை இழுத்தடிக்கிறது. இப்படியே மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு, புதிதாக ஒரு காசுகூடச் செலவழிக்காமல் இருந்தாலும், கடன் தீர ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 1,800 வெள்ளியைத் தாண்டும்.

அதே கடனுக்கு, மினிமம் குறைந்தாலும் நாம் குறைக்காமல் ஒவ்வொரு மாதமும் அதே 250ஐக் கட்டினால்? இரண்டே வருடத்தில் முடிந்துவிடும். வட்டி சுமார் 990 வெள்ளி. முதல் மாதத்தில் உங்களால் முடிந்த தொகைதான் அது, கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. இந்தக் கணக்கை எனக்கு 2012இல் யாராவது போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மொத்தமாக அடைக்க முடியாதவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்: இந்த மாத மினிமம் என்னவோ, அதையே கடன் தீரும் வரை உங்கள் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாக்கி வைத்துவிட்டால் அந்த 20 நாள் சலுகையும் போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும், கணக்கில் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதனால் பாக்கி உள்ள கார்டில் அரிசி, எண்ணெய் வாங்காதீர்கள். சாப்பிட்டு முடித்த அரிசிக்கு அடுத்த வருடமும் வட்டி கட்டுவது போலாகிவிடும்.

என் புத்தகம் இப்போது

555 நோட்டு இன்னும் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி என் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். புத்தகத்தை எடுக்காமல் கார்டை எடுக்க முடியாது.

ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் புதுப் பக்கம். மேலே 350 என்று எழுதுவேன். அதுதான் என் உண்மையான லிமிட், பேங்க் கொடுத்தது இல்லை. செலவைக் கூட்டிக்கொண்டே போகமாட்டேன், 350இலிருந்து கழித்துக்கொண்டே வருவேன். போன மாதப் பக்கம் இது: பெட்ரோல் 60, மீதி 290. வைஃபை 89, மீதி 201. மருந்துக்கடை 38.40, மீதி 162.60. சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து 119, மீதி 43.60. அதற்குப் பிறகு பாக்கெட்டில் கார்டு இருந்தும் அந்த மாதம் எடுக்கவில்லை. 43.60ஐப் பார்த்ததும் தவுக்கே பேசுவது போலவே இருக்கும்.

வாங்கிய அன்றே அந்தத் தொகையை ஃபோனில் இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு அலமாரியில் கிடக்கிறது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அங்கிருந்து மொத்தமாகக் கட்டுவேன், மறுநாள் பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்ப்பேன். கட்டியதும் அம்மாவுக்குத் தவுக்கே போட்டது போல ரூலர் வைத்து ஒரு கோடு.

அப்படியானால் கார்டு எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. காருக்கு இன்ஷூரன்ஸும் ரோட் டேக்ஸும் ஒரே மாதத்தில் வரும்போது, ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் கட்டினால் ஐம்பது நாள் வரை வட்டியில்லாத தவணை கிடைக்கிறது. அதற்குள் இரண்டு சம்பளம் வந்துவிடும். பெட்ரோலுக்குக் கொஞ்சம் காசு திரும்பி வருகிறது. அவ்வளவுதான் பயன். வருடத்துக்கு ஒவ்வொரு கார்டுக்கும் 25 வெள்ளி சேவை வரி இருக்கிறது, அதையும் கழித்துப் பார்த்தால் லாபம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

துணைக் கார்டைப் பற்றிச் சுருக்கமாக: மகனுக்கோ தம்பிக்கோ எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் செலவழிப்பதற்கும் பேங்க் உங்களைத்தான் கேட்கும். 250 வெள்ளிக்குள் தட்டினால் பின் நம்பர்கூடக் கேட்காது என்பதையும் மறக்காதீர்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 800 வெள்ளி பற்றாமல் போனபோது நான் எடுத்தேன். எடுத்த உடனே 5 விழுக்காடு கட்டணம், 40 வெள்ளி. வட்டிக்கு 20 நாள் சலுகை கிடையாது, அன்றிலிருந்தே ஓடியது. அன்று என் கையில் இரண்டு வளையல் இருந்தது. அதைக் கொண்டுபோய் பஜாக் கடையில், அதாவது அடகுக் கடையில், வைத்திருக்க வேண்டும்.

கணக்கு இதோ: அடகுக் கடையில் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. 1,000 வெள்ளிக்கு மாதம் 20. கிரெடிட் கார்டில் எடுத்தால் முதல் மாதமே 50 கட்டணமும் 15 வட்டியும், 65. ஒன்றிரண்டு மாதத்தில் திருப்ப முடியும் என்றால் அடகுதான் மலிவு. அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய முறை அடகுக் கடைகளில் வட்டி இல்லை, பாதுகாப்புக் கூலி மட்டும். நாமும் போகலாம், பல இடங்களில் அது இன்னும் குறைவு. ஆனால் பஜாக் சீட்டில் உள்ள தேதியை உடனே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ வேண்டும், தவறினால் நகை கைவிட்டுப் போய்விடும். தாலிக்கொடியை வைக்காதீர்கள். அது கணக்கு இல்லை, மனசு.

கார்டே இல்லாமல்

எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் வேலை, தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கிரெடிட் கார்டு ஒருநாளும் எடுத்ததில்லை. அவர் வீட்டில் கடன்காரன் வந்து நின்று நான் பார்த்ததில்லை. அவரிடம் கற்றதுதான் இந்தப் பகுதி.

சம்பளம் விழுந்த அன்றே அவர் மூன்று வேலை செய்வார். வீட்டு வாடகை, கரண்ட், தண்ணி ஃபோனிலேயே கட்டுவார். அரிசி, எண்ணெய், மாவு ஒரு மாதத்துக்கு வாங்கிப் போடுவார். அரசாங்கத்தின் சாரா உதவிப் பணம் வந்திருந்தால், அதை ஏற்கும் கடையில் முதலில் மைகார்டு அடையாள அட்டையைக் கொடுத்து அதைத் தீர்ப்பார். பிறகு ஐம்பது வெள்ளி ஒன்றை மைலோ டின்னுக்குள் போடுவார். அந்த டின் தீபாவளிக்கும் ஜனவரிப் பள்ளிச் செலவுக்கும் என்று இருந்தது. பள்ளித் தொடக்கம் சில வருடம் வேறு மாதத்துக்கு மாறியபோதும் டின் மாறவில்லை. மீதியை நான்காகப் பிரித்து வாரா வாரம் எடுத்துக்கொள்வார். இரவுச் சந்தையான பசார் மாலாமுக்கு ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு ரொக்கமாக இருபது வெள்ளியோடு போவார். கியூஆர் காட்டிக் கட்டினால் காசு போவது கைக்குத் தெரியவில்லை என்கிறார். எனக்கும் அப்படித்தான்.

டெபிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பெட்ரோல் நிலையத்தில் வெளியே பம்ப்பில் கார்டைச் செருகினால், நீங்கள் 30 வெள்ளிக்கு அடித்தாலும் முதலில் 200 வெள்ளியைக் கணக்கில் பிடித்து வைத்துவிடுவார்கள். திரும்பச் சில நாள் ஆகலாம். மாதக் கடைசியில் கணக்கில் 210 வெள்ளி இருக்கிறவருக்கு அது பெரிய இடி. உள்ளே கவுண்டரில் போய் “30 வெள்ளி” என்று சொல்லிக் கட்டுங்கள்.

சாமான் வாங்க, தவணைக்கு விற்கும் ஆன்சுரான் கடைக்குப் போனால், மாதத் தவணையைக் கேட்காதீர்கள், மொத்தத்தைக் கேளுங்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் கேட்டேன்: வாஷிங் மெஷின் ரொக்கத்துக்கு 1,000, தவணைக்கு மாதம் 75, இரண்டு வருடம். பெருக்கினால் 1,800. பத்து மாதம் கையால் துவைத்து நூறு நூறாகச் சேர்த்தால் எண்ணூறு வெள்ளி மிச்சம். ஃபோனில் வரும் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்பதும் கடன்தான். தவணை சின்னதாக இருப்பதால் நான்கைந்து சேர்ந்த பிறகுதான் கண்ணில் படும். அதையும் 555இல் எழுதுங்கள்.

கூட்டு, அதாவது பல பேர் மாதா மாதம் பணம் போட்டு ஆளுக்கு ஒரு முறை மொத்தமாக எடுக்கும் சீட்டு, பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அம்மாவின் முதல் சங்கிலி கூட்டுப் பணத்தில் வந்தது. லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், ஒருவரையொருவர் நம்பிச் செய்தது. ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதி நடத்துவதைத் தடை செய்திருக்கிறது. பணம் எடுத்தவர் ஓடிவிட்டால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? இன்று ஃபோன் குழுவில், முகம் தெரியாதவர் தலைமையில் நடக்கும் கூட்டில் தயவுசெய்து சேராதீர்கள்.

சேர்ந்து சேமிக்க வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். சின்னத் தொகைக்கு எவ்வளவு கனம் என்று இதைவிட நன்றாக எனக்குக் காட்டியது எதுவுமில்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் கடன் விளம்பர எண்ணைக் கூப்பிடாதீர்கள். லைசென்ஸ் உள்ள கடன்காரர்கூட, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறவர் ஆலோங்தான், லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர். எங்கள் ஆலையில் ஒரு தம்பி தன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டான். சம்பளம் விழுந்த அன்று அவர் எடுத்துக்கொண்டு மிச்சம் கொடுப்பார். சம்பளச் சீட்டில் நான் எழுதும் எண்ணுக்கும் அவன் கையில் சேரும் காசுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. கணக்கை வேறு பேங்குக்கு மாற்றி, போலீஸில் புகார் கொடுக்கும் வரை அவனுக்கு விடிவு வரவில்லை. யாருக்கும், சொந்த அண்ணனுக்கும், அந்தக் கார்டைக் கொடுக்காதீர்கள்.

அவசரத்துக்கு முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. குடிமக்களுக்குச் சாதாரணச் சிகிச்சைக்கு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு 5 வெள்ளி. தனியார் ஆஸ்பத்திரி முன்பணம் கேட்கிறது என்று கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் இது ஞாபகத்தில் இருக்கட்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் மூன்றாவது கணக்கும் இருக்கிறது. சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது, 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். கூரை ஒழுகினால் எடுங்கள். ஃபோன் மாற்ற எடுக்காதீர்கள், அது வயதான காலத்துச் சோறு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

2015இல் ஒருநாள் வீட்டுக்காரர் காலில் அடிபட்டு மூன்று மாதம் லோரி ஓட்ட முடியவில்லை. இரண்டு கார்டும் நிரம்பியிருந்தன. ஒன்றின் மினிமத்தைக் கட்ட இன்னொன்றில் காசு எடுத்தேன். அன்று இரவுதான், இதற்கு மேல் நானாக மீள முடியாது என்று புரிந்தது.

ஏகேபிகே என்ற அமைப்பைப் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது. ஆலோசனைக்கும் கடன் சீரமைப்புக்கும் ஒரு காசும் வாங்கமாட்டார்கள். நான் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன். சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட்டுகள், வீட்டுச் செலவுக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில். எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னைத் திட்டவில்லை. சீனி, மீன், பஸ் காசு என்று வரி வரியாகக் கேட்டு எழுதினார். பேங்குகளோடு அவர்களே பேசி, இரண்டு கடனையும் மாதம் 200 வெள்ளித் தவணையாக்கினார்கள். கார்டுகளைப் பயன்படுத்த முடியாது என்றார்கள், சரி என்றேன். நான்கு வருடத்தில் முடிந்தது.

போகத் தயங்கும் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, ஆபீஸில் தெரியக்கூடாது என்று. நான் ஒரு வருடம் அப்படித் தயங்கினேன். அந்த ஒரு வருடம்தான் எனக்கு மிக அதிகம் செலவு வைத்தது. உங்களிடம் பணம் கேட்டு “கடனைக் குறைத்துத் தருகிறோம்” என்கிற ஏஜெண்டுகளிடம் போகாதீர்கள், நேராக ஏகேபிகேவுக்கே போங்கள். ஏமாற்றி யாராவது கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால், நிமிடம்கூடத் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997ஐக் கூப்பிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் கடன் பதிவான சிசிரிஸ் அறிக்கையைப் பாருங்கள். பேங்க் நெகாராவின் இணையச் சேவையில் இலவசம். கடந்த 12 மாதம் நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பது கட்டம் கட்டமாக இருக்கும். பூஜ்யம் என்றால் பாக்கி இல்லை, 1 என்றால் ஒரு மாதத் தவணை நிற்கிறது. வீட்டுக் கடனுக்குப் போகும்போது பேங்க் பார்ப்பது இந்தக் கட்டங்களைத்தான்.

கார்டை மூடும்போது கத்தரித்துக் குப்பையில் போட்டால் மட்டும் போதாது. பேங்குக்குச் சொல்லி, கடைசி வட்டி எவ்வளவு என்று கேட்டுக் கட்டி, மூடியதற்கு எழுத்தில் கடிதம் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்துச் சிசிரிஸில் அது மறைந்துவிட்டதா என்று பாருங்கள். என் இரண்டாவது கார்டில் 11 வெள்ளி சொச்சம் நின்று, மூடாமலே இருந்தது. நான் பார்த்ததால் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் முடிவு செய்யவில்லை. கார்டு எடுக்காமலே மூன்று மாதம் 555 எழுதிப் பார்க்கிறேன் என்றாள். நேற்று முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே 300 என்று எழுதியிருந்தது. 12ஆம் தேதியே மீதி 18 வெள்ளி. “எங்கே போச்சுன்னே தெரியல அத்தை” என்றாள். சரி, வா பார்ப்போம் என்று கோப்பி கலக்கி வைத்துவிட்டு, இருவரும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.